இன்னும் ஒரே ஒரு வேலை பாக்கி

கடல் பயணப் புத்தகம் படிக்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. முதல் ஐம்பது பக்கங்களைத் தாண்டிவிடுவார்கள். அங்கே படகு கரையில் கிடக்கும். பலகை இழைப்பார்கள், ஆணி அடிப்பார்கள், பெயின்ட் காய்வதற்குள் மழை வரும், வரவேண்டிய பார்சல் வராது. 'புயல் எப்பப்பா வரும்?' என்று பக்கத்தைப் புரட்டிக்கொண்டே போவோம். இந்த வாரம் உங்களிடம் ஒரு வேண்டுகோள். அந்த ஐம்பது பக்கங்களைத் தாண்டாதீர்கள். கடலில் நடக்கப்போவதில் பாதி அங்கேயே முடிவாகிவிடுகிறது. எழுதியவர் எப்படிப்பட்ட ஆள் என்பதும் அங்கேயே தெரிந்துவிடும்.

கல்யாணம் பண்ணிப் பார், வீட்டைக் கட்டிப் பார் என்பார்கள். பாய்மரப் படகு வைத்திருப்பவர்களிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். படகு வேலைக்கு ஒரு விசித்திர குணம் உண்டு. ஒன்றைத் தொட்டால் மூன்று முளைக்கும். அடியில் ஒரு வால்வு கசிகிறது. மாற்றலாம் என்றால் படகைத் தண்ணீரிலிருந்து தூக்க வேண்டும். தூக்க கிரேன் வேண்டும், கிரேன்காரர் அடுத்த வியாழன் என்பார். தூக்கினதுதான் தூக்கினோம், அடியில் ஒட்டின பாசியையும் சிப்பியையும் சுரண்டிவிடலாம் என்று ஆரம்பித்தால், சுரண்டிய இடத்தில் மரம் மெத்தென்று இருக்கும். அந்தப் பலகையை மாற்ற வேண்டும். வால்வு மறந்தே போய்விடும். பட்டியலில் ஐந்து வேலை அடித்தால் எட்டு சேரும்.

இதற்கிடையில் கடலின் காலண்டர் நமக்காக நிற்காது. தென் அமெரிக்காவின் நுனியில் இருக்கும் கேப் ஹார்னைக் கோடையில்தான் தாண்டவேண்டும். அங்கே கோடை என்பது டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி. கரீபியன் தீவுகளுக்குப் போகிறவர்கள் ஜூனிலிருந்து நவம்பர் வரை சூறாவளியைப் பார்த்துப் பயந்தாக வேண்டும். இரண்டு வாரம் தாமதம் என்றால் சில சமயம் ஒரு வருஷமே தாமதம். ஆகவே எந்த வேலையை முடிப்பது, எதை முடிக்காமல் கிளம்புவது என்பதுதான் கடலோடியின் முதல் சோதனை. இதை வைத்து நாலைந்து புத்தகங்களைப் பார்க்கலாம்.

முதலில் பிதாமகர். ஜோஷுவா ஸ்லோக்கம். தனியாளாக உலகைப் படகில் சுற்றிய முதல் மனிதர். 1900-ல் வந்த அவருடைய 'செயிலிங் அலோன் அரவுண்ட் தி வேர்ல்டு' இன்றும் அச்சில் இருக்கிறது. 1892-ல் ஒரு பழைய திமிங்கில வேட்டைக் கேப்டன் அவரிடம், 'ஒரு கப்பல் தர்றேன், கொஞ்சம் ரிப்பேர் இருக்கு' என்கிற தோரணையில் சொல்லி அனுப்புகிறார். போய்ப் பார்த்தால் மாசசூசெட்ஸில் ஃபேர்ஹேவன் என்கிற ஊரில், கடலிலிருந்து தள்ளி ஒரு வயலில், கான்வாஸ் போர்த்தி முட்டுக்கொடுத்து நிற்கிறது 'ஸ்ப்ரே'. ஏழு வருஷமாக அப்படியே நிற்கிறதாம்.

வேறு யாராவது என்றால் திரும்பி வந்திருப்பார்கள். ஸ்லோக்கம் கோடரியை எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் இருந்த ஓக் மரத்தை வெட்டினார். அது புது அடிக்கட்டை ஆனது. பிறகு ஒவ்வொரு சட்டமாக, ஒவ்வொரு பலகையாக மாற்றினார். எங்கே பழைய படகு முடிந்தது, எங்கே புதுப் படகு ஆரம்பித்தது என்று அவருக்கே சொல்லத் தெரியவில்லை. 13 மாதம் சொந்த உழைப்பு. சாமான் செலவு 553 டாலர் 62 சென்ட். அந்த 62 சென்ட்டைக் கவனியுங்கள். ஒரு மனுஷன் ரசீதையெல்லாம் வைத்திருந்தால்தான் அப்படி எழுத முடியும்.

பலகை இடுக்குகளில் பருத்தித் திரியை அடித்து இறுக்குவதற்கு நம்ம ஊர் தோணிக்காரர்கள் கலப்பத்து என்பார்கள். ஸ்லோக்கம் கலப்பத்து அடிக்கும்போது வேடிக்கை பார்க்க வந்த ஒரு கேப்டன், இந்தப் பஞ்செல்லாம் கடலில் நகர்ந்து வெளியே வந்துவிடும் என்று கத்துகிறார். எவ்வளவு வேகத்தில் நகரும், துறைமுகம் போய்ச் சேர நேரம் இருக்குமா என்று பக்கத்தில் இன்னொருவர் விசாரிக்கிறார். ஸ்லோக்கம் பதில் சொல்லாமல் அடித்துக்கொண்டே இருக்கிறார். ஊரில் எல்லோரும் கேட்ட இன்னொரு கேள்வி, இதனால் காசு வருமா என்பது. இந்த ஒரு கேள்வி மட்டும் எந்த தேசத்திலும் மாறுவதில்லை.

1895 ஏப்ரல் 24-ல் பாஸ்டனிலிருந்து கிளம்பினார். கிளம்பினார் என்றுதான் எழுதியிருக்கிறது, ஆனால் கிளம்பவில்லை. க்ளௌஸ்டரில் நின்றார். அவசரத்துக்கு ஒரு சின்னப் படகு வேண்டும், வைக்க இடமில்லை. யாரோ தூக்கிப்போட்ட ஒரு டோரியைக் குறுக்கே அறுத்துப் பாதியை ஏற்றிக்கொண்டார். அதுவே துணி துவைக்கும் தொட்டியும் ஆயிற்று. பிறகு நோவா ஸ்கோஷியாவில் யார்மத் என்கிற ஊர். அவருடைய கப்பல் கடிகாரத்தைச் சரிபண்ண 15 டாலர் கேட்டார்கள். அதை விட்டுவிட்டு ஒன்றரை டாலர் தகரக் கடிகாரம் ஒன்றை, முகப்பு உடைந்திருக்கிறது என்று பேரம் பேசி ஒரு டாலருக்கு வாங்கினார். ஜூலை தொடக்கத்தில்தான் அமெரிக்கக் கண்டத்தை விட்டார். வழியில் கடிகாரத்தின் நிமிட முள் போய்விட்டது. மணி முள்ளை வைத்துக்கொண்டே உலகைச் சுற்றி 1898 ஜூன் 27-ல் திரும்பிவிட்டார்.

சுகமான எழுத்து. ஆனால் எனக்கு ஒரு மனக்குறை. ஸ்லோக்கம் வலிக்கிற இடத்தில் எல்லாம் ஜோக் அடித்துவிடுகிறார். முதல் மனைவியைப் பறிகொடுத்தவர். சொந்தக் கப்பலை பிரேசில் கரையில் இழந்தவர். நீராவிக் கப்பல்கள் வந்துவிட்டதால் பாய்க்கப்பல் கேப்டனுக்கு வேலையே இல்லாத காலம். அந்த 13 மாதம் அவருக்கு வெறும் ரிப்பேர் இல்லை, ஐம்பதை நெருங்கும் ஒரு மனிதர் தன்னையே முட்டுக்கொடுத்து நிறுத்திக்கொண்ட காலம். இதைப் புத்தகம் சொல்லாது. நீங்கள்தான் கோடரிச் சத்தத்துக்குப் பின்னால் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அடுத்து 1968. லண்டனின் 'சண்டே டைம்ஸ்' பத்திரிகை ஒரு போட்டி அறிவித்தது. தனியாளாக, எந்தத் துறைமுகத்திலும் நிற்காமல் உலகைச் சுற்ற வேண்டும். ஜூன் 1-லிருந்து அக்டோபர் 31-க்குள் எப்போது வேண்டுமானாலும் கிளம்பலாம். அனுபவம் இருக்கிறதா, படகு தயாரா என்று யாரும் சோதிக்கவில்லை. ஒன்பது பேர் கிளம்பினார்கள். முடித்தவர் ஒரே ஒருவர். ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன்.

அவருடைய 'சுஹைலி' நம்ம ஊர்ப் பிறப்பு. 32 அடிப் படகு. பம்பாய் கொலாபாவில் தேக்கு மரத்தில் கட்டி 1964 டிசம்பரில் கடலில் இறக்கினார்கள். ராபினுக்குப் போட்டிக்காக ஒரு புதுப் படகு கட்டத்தான் ஆசை. பணம் தர ஆள் கிடைக்கவில்லை. ஆகவே பழைய சுஹைலியே போதும் என்று 1968 ஜூன் 14-ல் ஃபால்மத்திலிருந்து கிளம்பிவிட்டார்.

கொஞ்ச நாளிலேயே படகுக்குள் தண்ணீர். கழற்றிப் பார்க்க வேண்டிய இடம் நீர்மட்டத்துக்குக் கீழே. ராபின் என்ன செய்தார் தெரியுமா? வெளிறின உடம்பைப் பார்த்தால் சுறா வரும் என்று சட்டையும் ஜீன்ஸும் போட்டுக்கொண்டு நடுக்கடலில் குதித்தார். மூச்சை அடக்கிக்கொண்டு கீழே போய் இடுக்கில் பருத்தி அடித்தார், மேலே வந்தார், மறுபடி போனார். சுறா ஒன்று நிஜமாகவே வந்தது. மேலேறித் துப்பாக்கியால் சுட்டுவிட்டு மறுபடி வேலையை முடித்தார். பிறகு ரேடியோ பழுது, குடிதண்ணீர் கெட்டது, தானாகத் திசைதிருப்பும் சாதனம் ஆஸ்திரேலியாவுக்கு அருகே செத்தது. எல்லாவற்றையும் சமாளித்து 1969 ஏப்ரல் 22-ல் ஊர் திரும்பினார்.

அவருடைய 'எ வேர்ல்டு ஆஃப் மை ஓன்' இலக்கியம் இல்லை. வணிகக் கப்பல் ஆபீஸரின் ரிப்போர்ட் மாதிரி வறட்சியாகப் போகும். தயாரிப்பு அத்தியாயத்தைக் கொஞ்சம் அவசரமாகவே முடித்துவிடுகிறார். இருந்தாலும் அதில் ஒன்று புரிகிறது. சுஹைலி குறையில்லாத படகு அல்ல. ஆனால் அதன் ஒவ்வொரு பலகையும் அவர் கண்ணெதிரே வைத்தது. எது கெட்டாலும் எங்கே கை வைக்கவேண்டும் என்று தெரியும், கை வைக்கப் பருத்தியும் சுத்தியலும் உள்ளே இருந்தன.

இதே போட்டியில் இன்னொருவர். டொனால்ட் க்ரோஹர்ஸ்ட். இவரும் ஒரு வகையில் நம்மூர்க்காரர், 1932-ல் காஸியாபாதில் பிறந்தவர். இங்கிலாந்தில் படகுகளுக்கான ஒரு சின்ன எலெக்ட்ரானிக் கருவி செய்து விற்றுக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமைப் படகோட்டி என்று சொல்லலாம். கம்பெனி தள்ளாட்டம். போட்டியில் ஜெயித்தால் பெயர் வரும், கம்பெனி பிழைக்கும் என்று கணக்குப் போட்டார். முதலீடு செய்தவரோடு ஓர் ஒப்பந்தம்: பயணம் சரிவராவிட்டால் படகின் விலையை க்ரோஹர்ஸ்டின் கம்பெனியே தரவேண்டும். அதாவது திவால்.

நிக்கோலஸ் டோமலின், ரான் ஹால் என்ற இரண்டு பத்திரிகையாளர்கள் 1970-ல் எழுதிய 'தி ஸ்ட்ரேஞ்ச் லாஸ்ட் வாயேஜ் ஆஃப் டொனால்ட் க்ரோஹர்ஸ்ட்' புத்தகத்தில் என்னைத் தூங்கவிடாமல் செய்தது கடல் பகுதி அல்ல. கரைப் பகுதி. மூன்று உடல் கொண்ட ட்ரைமரான் வகைப் படகு அது. 'டெய்ன்மத் எலெக்ட்ரான்' என்று பெயர். ஒரு தளத்தில் உடல், இன்னொரு தளத்தில் மற்ற வேலைகள். செப்டம்பர் 23-ல்தான் தண்ணீரில் இறங்கியது. நார்ஃபோக்கிலிருந்து டெய்ன்மத்துக்குக் கொண்டுவர மூன்று நாள் என்று நினைத்தார்கள். 13 நாள் ஆயிற்று. கெடுவுக்குப் பதினாறே நாள்.

அந்தப் பதினாறு நாளையும் புத்தகம் ஒவ்வொன்றாகச் சொல்கிறது. படகில் தச்சர்கள். கரையில் பத்திரிகைக்காரர்கள், போட்டோ, விளம்பரம். உதிரி பாகங்கள், உணவு டப்பாக்கள் எல்லாம் குவியல் குவியலாக. படகு கவிழ்ந்தால் நிமிர்த்துவதற்கு என்று அவர் கண்டுபிடித்த கம்ப்யூட்டர் ஏற்பாடு வெறும் ஒயர்களாகவே இருந்தது, ஒயர்களின் மறுமுனையில் ஒன்றும் இல்லை. உள்ளே வரும் தண்ணீரை இறைக்கும் பம்புக்கு வேண்டிய குழாய் வந்து சேரவில்லை. ஒரு மூட்டை உதிரி பாகங்கள் கரையிலேயே நின்றுவிட்டது.

கிளம்புவதற்கு முந்தின இரவு மனைவி கிளேரிடம் படகு சரியில்லை என்கிறார். விட்டுவிட்டால் வாழ்நாள் முழுக்க வருத்தமாக இருக்குமா என்று அவர் கேட்கிறார். பதில் இல்லை, அழுகிறார். தன்னைத் தடுக்கச் சொல்லித்தான் அவர் கேட்டிருக்கிறார், அது அப்போது புரியவில்லையே என்று கிளேர் பின்னால் சொன்னதாகப் புத்தகம் பதிவு செய்கிறது.

1968 அக்டோபர் 31. கெடு நாள். படகைக் கிளப்பியதுமே கயிறு சிக்கிக்கொண்டு திரும்பி வந்து, சரிசெய்து, மாலையில் மறுபடி கிளம்பினார். இரண்டு வாரத்தில் ஸ்க்ரூக்கள் கழன்று விழுந்தன, மூடிகள் கசிந்தன. பம்பு இருக்கிறது, குழாய் இல்லை. வாளியால் இறைக்க வேண்டியதாயிற்று. உட்கார்ந்து குறைகளின் பட்டியல் ஒன்று எழுதுகிறார். கரையில் எழுதியிருக்க வேண்டிய பட்டியல். தென்கடலுக்குப் போனால் சாவு, திரும்பினால் திவால். இரண்டும் வேண்டாம் என்று அட்லான்டிக்கிலேயே சுற்றிக்கொண்டு, உலகைச் சுற்றுவதாகப் பொய்க் கணக்கு அனுப்ப ஆரம்பித்தார். பக்கவாட்டு மிதவை கிழிந்தபோது ஒட்டுப்போடக்கூடப் படகில் சாமான் இல்லை. பலகைக்கும் ஸ்க்ரூவுக்கும் 1969 மார்ச்சில் அர்ஜென்டினாவில் ரகசியமாகக் கரை ஏறினார். ஜூலை 10-ல் ஒரு கப்பல் அந்தப் படகை அட்லான்டிக் நடுவில் கண்டது. ஆள் இல்லை. குறிப்பேடுகள் இருந்தன. ராபின் தனக்குக் கிடைத்த 5,000 பவுண்டு பரிசை அந்தக் குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார்.

இரண்டு படகும் ஒழுகின. இரண்டும் முழுசாகத் தயாராகவில்லை. ஒருவரால் கடலில் வைத்துச் சரிபண்ண முடிந்தது, மற்றவரால் முடியவில்லை. குழாய் என்பது கரையில் கடையில் கிடைக்கும் சாமான், நடுக்கடலில் எத்தனை புத்திசாலித்தனம் இருந்தாலும் செய்ய முடியாது. க்ரோஹர்ஸ்ட் முட்டாள் இல்லை, சோம்பேறியும் இல்லை. அவருக்கு 'இன்னும் ஒரு வாரம் வேண்டும்' என்று சொல்கிற சுதந்திரம் இல்லாமல் போயிற்று. வேலைகளை ஆட்டிவைத்தது படகு அல்ல, தேதி.

டோமலினும் ஹாலும் அந்த மனிதரைக் கேலி செய்வதில்லை, புனிதராக்குவதும் இல்லை. அது பெரிய விஷயம். ஆனால் இருவரும் போட்டியை நடத்திய அதே 'சண்டே டைம்ஸ்'காரர்கள். தகுதி கேட்காமல் ஆட்களைக் கடலுக்கு அனுப்பிவிட்டுக் கடைசித் தேதி மட்டும் குறித்த பத்திரிகையை இன்னும் கொஞ்சம் குடைந்திருக்கலாம் என்பது என் அபிப்பிராயம். இதே கதையை வைத்து 2018-ல் 'தி மெர்சி' என்று ஒரு படம் வந்தது. காலின் ஃபிர்த் நன்றாக நடித்திருக்கிறார். இருந்தும் படம் முழுக்க ஒரு சோக இசை ஒழுகிக்கொண்டே இருக்கிறது. புத்தகத்தில் வரும் சாமான் குவியலின் பயங்கரம் அதில் இல்லை. அதைவிட 2006-ல் வந்த 'டீப் வாட்டர்' ஆவணப்படம் பாருங்கள். அவரே கடலில் எடுத்த படச்சுருள்கள் அதில் இருக்கின்றன.

இதற்கு நேர் எதிர் ஆசாமி பெர்னார் மொய்தெஸியே. அதே போட்டியில் இருந்த பிரெஞ்சுக்காரர். ஸ்லோக்கம் நினைவாகத் தன் படகுக்கு 'ஜோஷுவா' என்று பெயர் வைத்தவர். எல்லோரும் படகில் சாமான் ஏற்றிக்கொண்டிருக்க, இவர் இறக்கினார். எஞ்சின், நங்கூரங்கள், சங்கிலி எல்லாம் கரைக்குப் போயின. இல்லாத சாமான் ரிப்பேருக்கு வராது. கடைசியில் போட்டியையே இறக்கிவைத்துவிட்டு, ஜெயிக்கும் வாய்ப்பு இருந்தும் தாஹிட்டிக்குப் போய்விட்டார். அவருடைய 'தி லாங் வே' படிக்க அழகு. ஆனால் அதைப் படித்துவிட்டு நாமும் எல்லாவற்றையும் தூக்கிப்போடலாம் என்று கிளம்பக்கூடாது. எதை இறக்கலாம் என்று தெரிந்துகொள்ள அவர் அதற்கு முன்னால் பல வருஷம் கடலில் கழித்திருந்தார், இரண்டு படகுகளைப் பாறைக்குப் பறிகொடுத்திருந்தார்.

கடைசியாக நமக்கு மிகவும் பக்கத்துப் புத்தகம். கடற்படை கமாண்டர் திலிப் தோண்டே எழுதிய 'தி ஃபர்ஸ்ட் இண்டியன்'. உலகைத் தனியாகப் படகில் சுற்றிய முதல் இந்தியர். பயணம் 2009 ஆகஸ்ட் 19-லிருந்து 2010 மே வரை, ஒன்பது மாதம். அதற்கு முன் தயாரிப்பு மூன்று வருஷத்துக்கு மேல். ஓய்வுபெற்ற வைஸ் அட்மிரல் மனோகர் அவதியின் கனவு, கோவா திவார் தீவில் ஒரு சின்னத் தளம், இந்த மாதிரிப் படகை அதுவரை கட்டியிராத ரத்னாகர் தண்டேகர் என்கிற துணிச்சல்காரர், நகராத ஃபைல்கள். கற்றுக்கொள்ள தோண்டே யாரிடம் போனார் என்று நினைக்கிறீர்கள்? சுஹைலி ராபினிடம். அவருடைய பந்தயப் படகுக்குக் கரையில் எடுபிடி வேலை செய்து பழகினார். கமாண்டர் என்கிற கௌரவமெல்லாம் பார்க்கவில்லை.

தோண்டேயின் ஆங்கிலம் மெஸ் ஹாலில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருக்கும். சிங்காரம் கிடையாது. கடல் வர்ணனை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். ஆனால் ஆபீஸ் மேஜைக்கும் படகுத் தளத்துக்கும் நடுவே ஒரு ஆள் பொறுமையாக அலைகிற கதை இத்தனை சிரிப்போடு வேறெங்கும் கிடைக்காது. 'மாதேய்' என்ற அந்தப் படகு எவ்வளவு நன்றாகக் கட்டப்பட்டது என்பதற்கு அத்தாட்சி, அதே படகில் 2012-13ல் அபிலாஷ் டோமி எங்கும் நிற்காமல் உலகைச் சுற்றிவந்தது. அதே தளத்தில் கட்டிய 'தாரிணி'யில்தான் புதுச்சேரியைச் சேர்ந்த கடற்படை அதிகாரி ரூபாவும், கேரளத்தின் தில்னாவும் 2024 அக்டோபரில் கோவாவிலிருந்து புறப்பட்டு 2025 மேயில் சுற்றி முடித்தார்கள். மூன்று வருஷத் தாமதம் என்று அன்றைக்கு அலுத்துக்கொண்ட வேலையின் பலன் இத்தனை பேருக்குப் போயிருக்கிறது.

படிக்க ஆசைப்படுகிறவர்கள் ஸ்லோக்கமில் ஆரம்பியுங்கள். அடுத்து தோண்டே. க்ரோஹர்ஸ்டைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள், ராத்திரி வேண்டாம்.

நமக்குப் படகு இல்லை, சரி. ஆனால் 'இதை மட்டும் முடிச்சிட்டு ஆரம்பிச்சிடலாம்' என்று தள்ளிப்போட்ட ஏதோ ஒன்று எல்லோரிடமும் இருக்கிறது. புதுத் தொழில், பாதியில் நிற்கும் நாவல், ரிடையர் ஆனதும் போகலாம் என்றிருந்த ஊர். அதற்கான பட்டியலை எடுங்கள். நடுவில் ஒரு கோடு போட்டு, போகிற வழியில் பார்த்துக்கொள்ளலாம் என்பதையெல்லாம் இடது பக்கம் எழுதுங்கள். கரையில் மட்டுமே செய்ய முடியும் என்பதை வலது பக்கம். வலது பக்கம் முடிகிறவரை, யார் தேதி குறித்தாலும் கிளம்பாதீர்கள். முடிந்துவிட்டால் அதற்குப் பிறகு ஒரு நாள்கூட நிற்காதீர்கள்.

முகப்பு உடைந்த கடிகாரம் இடது பக்கம். பம்புக் குழாய் வலது பக்கம்.